உப்புத்தாள் கிளப்பும் தூசி

கொல்கத்தாவின் குமார்துலியில் துர்கை சிலைகளுக்குப் பூசும் வண்ணம் மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பல ஆண்டுகளாகக் கவலை தந்து வருகிறது. சிலை ஹூக்ளியில் கரையும்போது ஈயமும் ஆற்றில் கலக்கும் என்பதால், ஈயமில்லா வண்ணங்களைச் சிற்பிகளிடம் கொண்டுசேர்க்க வாரியமே முனைந்தது. நம் வீட்டு வாசல்களில் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிக்கப்படும் பழைய டிராக்டர்களுக்கும் அதே அக்கறை தேவை. சிலையின் வண்ணம் ஆற்றோடு போகிறது. டிராக்டரின் வண்ணம் தூசியாகி வீட்டுக்குள்ளேயே வருகிறது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்காக ஈயக் குரோமேட்டும், துருவைத் தடுக்கச் செவ்வீயமும் நெடுங்காலம் பெயின்டில் சேர்க்கப்பட்டன. ஊர்களில் டிராக்டர் பெருகிய காலத்தில் பெயின்டில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு ஏதும் கிடையாது. 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிதான் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றது. அதுவும் வீட்டு, அலங்கார பெயின்டுக்கு மட்டுமே. இயந்திரங்களுக்கான தொழிலக பெயின்ட் அதில் அடங்காது. ஆக, சுரண்டி எடுக்கும் பழைய பூச்சை மட்டுமல்ல, புதிதாக அடிப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தரையில் விளையாடி அந்தக் கையை வாயில் வைக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு இத்தனை பயமா என்று கேட்கலாம். வேலை இரண்டு நாளில் முடியும். வாசல் மண்ணில் படிந்த ஈயம் மட்கிப் போகாது. எல்லா டிராக்டரிலும் ஈயம் இருக்குமா என்றால், இருக்காது. ஆனால் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாதபோது, இருப்பதாகக் கொள்வதே விவேகம். இயந்திரத்துக்கு உறுதியான பூச்சு வேண்டுமே என்ற வாதத்துக்கு, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் போன்ற மாற்றுகள் பதிலாக உள்ளன. எனவே 90 பங்கு வரம்பைத் தொழிலக பெயின்டுக்கும் விரிக்க வேண்டும். அதுவரை கிரைண்டரையும் காய்ந்த உப்புத்தாளையும் தவிர்த்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பதும், கீழே தார்ப்பாய் விரித்துக் கசடைச் சேர்த்தெடுப்பதும், குழந்தைகளை விலக்கி வைப்பதும் நம் கையில் உள்ளவை. குமார்துலியில் மாற்று வண்ணம் சிற்பியின் கைக்கே போனது. டிராக்டர்காரர் நம்பி வாங்கும் டப்பாவும் அப்படி ஊர்க் கடைக்கு வர வேண்டும்.