வேப்பிலையா, வாட்ஸப்பா?

தடுப்பூசின்னாலே "கிராமத்து சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு ஆரம்பிச்சிடுறாய்ங்க. எங்க பொன்னமராவதிப் பக்கம் தட்டம்மைன்னா வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க, வாஸ்தவம்தான். அதே அப்பத்தாதான் நர்சம்மா சொன்ன தேதிக்குப் பேரனைத் தூக்கிட்டு ஊசிக்கும் போகும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாசக் குழந்தை முதல் 15 வயசு வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டப்போ, "போடாதீங்க"ன்னு வாட்ஸப்பில் சுத்தவிட்டது அப்பத்தாவா? ஸ்மார்ட்போனும் டிகிரியும் வெச்சிருந்த நம்ம கூட்டம்தான் மக்களே! (பொட்டி தட்டுறவங்களும் சேர்த்தி.) பெத்தவங்க பயந்து மறுக்க, அரசு முகாமை நீட்டிக்க வேண்டியதாச்சு.

ஊசி போடாத கூட்டத்துல ஒருத்தருக்கு வந்தா 12 முதல் 18 பேருக்குத் தொத்துற வியாதி இது. நூத்துக்கு 95 பேராவது ரெண்டு டோஸ் போட்டாத்தான் அடங்கும். கனடா 1998ல ஒழிச்சது. 2025 நவம்பர்ல அந்த அந்தஸ்தே போச்சு. அங்க எந்த அப்பத்தாவைக் குத்தம் சொல்லப்போறீங்க?