மரபணுவும் தலைவிதியும்

நோய் வந்தால் ‘தலைவிதி’ என்பது நம்மவர் வழக்கம். இன்று அதே சொல்லுக்குப் புதுச்சட்டை போட்டு, ‘எல்லாம் மரபணு’ என்கிறோம். படித்த மாணவரும் இவ்வாறு பேசுவதுதான் வருத்தத்திற்குரியது. பெருங்குடல் புற்றுநோய் பற்றிய மரபணு ஆராய்ச்சி இதற்கு நேர்மாறான பாடத்தையே புகட்டுகிறது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. பரம்பரைக் கேடே பெருங்காரணமாக உள்ள குடும்பங்கள் சில உண்டு. மற்றவர்க்குக் காரணம் யாது?

வைட்டமின் டி மிகுந்தவர்க்கு இந்நோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெயிலில் உலவுபவர், ஓடியாடுபவர், உடல் பருக்காதவர். நோயைத் தடுத்தது வைட்டமினா, அந்த வாழ்க்கையா?

இங்கேதான் மரபணு சாட்சி சொல்ல வருகிறது. பெற்றோரின் மரபணுக்களில் எது பிள்ளைக்கு வரும் என்பது குலுக்கல் போன்றது. அக்குலுக்கலால் சிலருக்குப் பிறவியிலேயே வைட்டமின் டி சற்று மிகுந்திருக்கும். செல்வமோ பழக்கமோ தந்ததன்று அது. அவர்களுக்கு நோய் குறைகிறதா என்று பார்க்கலாம் அன்றோ? 1986-இல் கொலஸ்டிராலையும் புற்றுநோயையும் பற்றி மார்ட்டின் கட்டான் சொன்ன யோசனையின் வழி வந்த முறை இது. மெண்டலின் பெயரால் வழங்குகிறது. 2017-இல் வெளிவந்த இத்தகைய ஆய்வொன்றில், வைட்டமின் டி காக்கும் என்பதற்குத் தக்க சான்று கிட்டவில்லை. உடற்பருமன் நோயை வளர்க்கும் என்பதற்கோ இம்முறையில் சான்றுகள் உள. ஒரே மரபணு பல வேலை செய்யக்கூடுமாதலால் முடிவுகளை வேறு வழிகளாலும் சோதிக்க வேண்டும். ஆயினும், மாற்ற முடியாத மரபணுவைக் கொண்டு மாற்றக்கூடிய காரணத்தைத் தேடுவது விதிவாதம் ஆகுமா?

குறை ஒன்று உண்டு. சாட்சிகளுள் பெரும்பாலோர் வெள்ளையர். பிரிட்டனின் யுகே பயோபேங்கில் சேர்ந்த 5 லட்சம் பேரில் நூற்றுக்கு 94 பேர் அவர்களே. நம் உணவு வேறு. குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேரும் உடல்வாகு நமக்கு. அவர்கள் குருதி நமக்காக எவ்வளவு பேசும்?

நம் நாட்டிலும் இப்பணி நடக்கக்கூடியதே. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் பித்தப்பைப் புற்றுநோயாளர் ஆயிரவரின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஜீனோம் இந்தியா திட்டம் ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைத் திரட்டியது. எனினும் அவர்கள் நலமாக இருந்தோர். நோயாளரின் விவரமும் சேர்ந்தாலன்றி நம் வினாவுக்கு விடை வாராது.

ஆகவே நம்மவரும் குருதி தர வேண்டும் என்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அன்று! பங்குபெறுவோர்க்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை. தாராவியிலும் சுனாபட்டியிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய், ஆங்கிலத் தாளில் கைநாட்டு வைப்பது ஒப்புதல் ஆகாது. விவரம் எவரிடம் இருக்கும்? பெயர் மறைக்கப்படுமா? விலக விரும்பினால் விலகலாமா? பயன் எவருக்கு? இவற்றை அவர் தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெற வேண்டும்.

அறிவியலும் தமிழும் அறிந்த மாணவர்களே! அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் நாம். பொங்கல் விழாவுக்கு மேடை போடும் நம் மன்றம், இதற்கும் நாலு பேரை அனுப்பட்டும்.