பாங்கு கேட்டதும் எழுந்து வர முடிகிற விளையாட்டு

 

சில வாரங்களுக்கு முன், செங்கல்பட்டில் ஜுமுஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று, 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. மற்றொன்று, 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. "ஹஜ்ரத், பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். விடுமுறையில் விளையாட இந்த இரண்டில் ஒன்றைக் கேட்கிறான். எது கூடும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

இரண்டும் கூடாது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்திருப்பேன். முன்பு அப்படித்தான் செய்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவனின் தாயார் ஒரு செல்போன் விளையாட்டைப் பற்றிக் கேட்டபோது, ஒரே சொல்லில் பதில் தந்தேன். அந்த மாணவன் வீட்டில் விளையாடுவதை நிறுத்தினான். நண்பனின் போனில் தொடர்ந்தான். சில மாதங்கள் கழித்து, அத்தாவின் வங்கிக் கணக்கிலிருந்து ஐம்பதும் நூறுமாகப் பணம் போயிருந்தது தெரியவந்தது. விளையாட்டுக்குள் விற்கப்படும் மூடிய பெட்டிகளை வாங்கியிருக்கிறான். உள்ளே என்ன இருக்கும் என்பது திறந்த பின்தான் தெரியும். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டால் கூடாது என்றுதானே சொல்வீர்கள், ஹஜ்ரத்" என்றான். என் பதில் விளையாட்டை நிறுத்தவில்லை. கேள்வி கேட்பதைத்தான் நிறுத்தியிருந்தது.

ஆகவே இம்முறை அந்தத் தந்தையிடம், "ஒரு வாரம் அவகாசம் தாருங்கள் பாய், பையனை என்னிடம் அனுப்புங்கள்" என்றேன்.

அந்த மாணவனுக்குத் திக்குவாய் உண்டு. மதரஸாவில் ஓதும் முறை வரும்போது அவன் தலை தாழ்ந்துவிடும். இப்படிப்பட்ட விளையாட்டு அவனுக்கு ஏன் வேண்டும் என்று கேட்டேன். "அங்கே எல்லாரும் எழுத்தில் பேசுகிறார்கள் ஹஜ்ரத். நான் சொல்லி முடிக்கும் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை" என்றான். நம் பிள்ளைகள் வீணுக்காக மட்டுமே விளையாட்டைத் தேடுகிறார்கள் என்று எண்ணியிருந்த எனக்கு அது ஒரு பாடம்.

இந்த விளையாட்டுகளின் தன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவன் போர்வீரன், ஒருவன் காயமாற்றுபவன், ஒருவன் மந்திரவாதி. 'கில்டு' எனப்படும் குழுக்களாகச் சேர்ந்து, குறித்த நேரத்தில் கூட்டாகப் படையெடுக்கிறார்கள். நாம் கணினியை அணைத்த பின்னும் அந்த உலகம் இயங்கிக்கொண்டே இருக்கும். மற்ற விளையாட்டுகளுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு அதுவே. கிரிக்கெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, சதுரங்கத்துக்கும் உண்டு. இதற்கு முடிவு இல்லை.

சதுரங்கத்தைச் சொல்லும்போது நம் பகுதியில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நம் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையை நம் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். பொதுப் பிரிவில் தங்கம் வென்றது உஸ்பெகிஸ்தானின் இளம் அணி. இமாம் புகாரீ (ரஹ்) பிறந்த புகாரா நகரம் அமைந்துள்ள நாடு. பிள்ளைகள் சதுரங்கம் கற்கலாமா என்ற கேள்வி நமக்குப் புதியதும் அல்ல. நம் இமாம்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைப் பேசிவிட்டார்கள். ஹனஃபி மத்ஹபில் இதற்கு இசைவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் இருந்தால் மக்ரூஹ் என்ற அளவில் நிற்கும். அவற்றில் ஒன்று வந்து சேர்ந்தாலும் ஹராமாகிவிடும். முடிவில் வேறுபட்டாலும், அவர்கள் ஆராய்ந்த கேள்விகள் ஒன்றே: பணயம் உண்டா? தொழுகை தவறுகிறதா? நாவு கெடுகிறதா? பெயரைக் கேட்டு அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த விளையாட்டு மனிதனை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். நாமும் அப்படிப் பார்ப்போம்.

முதலாவது, பணம். திருக்குர்ஆன் 5:90, 91 வசனங்களில் அல்லாஹ் மதுவையும் சூதையும் சேர்த்தே தடுக்கிறான். அவற்றின் வழியே ஷைத்தான் பகையை மூட்டுவதையும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் நம்மைத் திருப்புவதையும் காரணமாகக் கூறுகிறான். மாதச் சந்தா வேறு, மூடிய பெட்டி வேறு. சந்தாவில் விலையும் தெரியும், பெறுவதும் தெரியும், அது கொள்முதல். மூடிய பெட்டியில் விலை மட்டுமே தெரியும். அதில் சூதின் வாடை இருக்கிறது. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018ஆம் ஆண்டிலேயே பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதியது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. நல்ல சட்டமே. ஆனால் சட்டம் விட்டுவைத்ததெல்லாம் ஹலால் ஆகிவிடாது. பெட்டிகளைப் பெற்றோர்தாம் பார்க்க வேண்டும். சீட்டில் இருந்த இரண்டு விளையாட்டுகளும் அடிப்படையில் சந்தா முறையில் நடப்பவை. இந்த அளவில் இரண்டும் தேறின.

இரண்டாவது, அகீதா. கற்பனை என்றாலே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே இறக்கை கட்டிய ஒரு குதிரை இருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி விசாரித்து, அவர்கள் சொன்ன மறுமொழியைக் கேட்டுச் சிரித்ததையும் அபூதாவூத் ஹதீஸில் காண்கிறோம். பிள்ளையின் கற்பனைக் குதிரையை அல்லாஹ்வின் தூதர் உடைத்தெறியவில்லை. ஆனால் கற்பனை வேறு, வணக்கத்தைக் கையால் செய்து பழகுவது வேறு. 2020ஆம் ஆண்டில் பப்ஜி மொபைல் விளையாட்டில் ஒரு சிலையின் முன் வணங்கினால் பயன் கிடைக்கும் என்ற காட்சி சேர்க்கப்பட்டது. அரபு நாடுகளில் எதிர்ப்பு எழவே, நிறுவனம் மன்னிப்புக் கோரி அதை நீக்கியது. முஸ்லிம்கள் கவனித்துச் சொன்னதால் நடந்த மாற்றம் அது.

சீட்டில் இருந்த இரண்டிலும் இந்தக் குறை உண்டு. வார்கிராஃப்டில் ஷைத்தான்களை வரவழைத்து ஏவும் சூனியக்காரன் ஒரு கதாபாத்திரமாகவே இருக்கிறான். ரூன்ஸ்கேப்பில் கற்பனைத் தெய்வங்களும் பலிபீடங்களும் உள்ளன. 'பிரார்த்தனை' என்பதே அங்கே ஒரு திறமையாக வளர்க்கப்படுகிறது. மாணவனிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவன் சிந்தித்துவிட்டு, "அந்தத் திறமையைத் தொடாமலேயே விளையாடலாம் ஹஜ்ரத். மீன் பிடிக்கலாம், மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், சமைக்கலாம்" என்றான். எதைத் தொடக்கூடாது என்று தானே கண்டுபிடிக்கும் பிள்ளை, தடை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையைவிட உறுதியாக நிற்பான் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, தோழமை. நல்ல நண்பனைக் கஸ்தூரி வைத்திருப்பவனுக்கும், தீய நண்பனைக் கொல்லனின் உலைக்கும் ஒப்பிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். முகம் தெரியாதவர்களுடன் குரலில் உரையாடும் வசதியை அடைத்து வையுங்கள். முடிந்தால் உறவினர், வகுப்புத் தோழர் அடங்கிய சிறு குழுவாக விளையாடட்டும். பெண் பிள்ளைகள் விளையாடினால் உண்மைப் பெயரும் படமும் வேண்டாம்.

நான்காவது, நேரம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இதுவே. வார்கிராஃப்டின் பெரிய படையெடுப்புகள் பத்து, இருபது பேர் குறித்த நேரத்தில் கூடி நடத்துபவை. அந்த நேரம் யாருடைய நேரம் என்று கேளுங்கள். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் இரவு 8 மணி என்றால் நமக்கு 11.30 அல்லது 12.30. அந்தக் குழுவில் சேரும் பிள்ளைக்கு ஃபஜ்ர் போய்விடும். எந்த விளையாட்டானாலும் சிங்கப்பூர்க் குழுவில் சேர்ந்தால், அங்கே இரவு 8 மணி நமக்கு மாலை 5.30. இரண்டு மணி நேரப் படையெடுப்பின் நடுவே, ஆண்டின் எல்லா நாளிலும், செங்கல்பட்டில் மக்ரிப் பாங்கு ஒலிக்கும்.

அப்போது அந்தப் பிள்ளை என்ன செய்வான்? காயமாற்றும் பொறுப்பு அவனுடையது. அவன் எழுந்தால் மற்றவர்கள் தோற்றுப்போவார்கள். "பத்தொன்பது பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு வரலாமா?" என்று கேட்பான். இந்தக் கேள்வியை ஏளனம் செய்யாதீர்கள். வாக்கை நிறைவேற்று, அமானிதத்தைப் பேணு என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம். பிள்ளை நாம் கற்பித்த பாடத்தைக் கொண்டே தொழுகையைப் பிற்படுத்துகிறான். தவறு எழுவதில் இல்லை. தொழுகை நேரத்தின் மீது அந்த வாக்கைக் கொடுத்ததில்தான் இருக்கிறது. அல்லாஹ்வுக்கு முன்பே கொடுத்துவிட்ட நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்ததை புகாரீயில் காண்கிறோம். ஈடுபாடு கூடாது என்பதல்ல மார்க்கம். ஈடுபாட்டிலிருந்து எழத் தெரிய வேண்டும்.

அரசாங்கங்களும் இதற்கு வழி தேடின. தென்கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டில் நுழைவதைத் தடுத்தது. பத்தாண்டு கழித்து அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனமோ, 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக்கு அடிமையாவதையும் சேர்த்தது. கட்டுப்பாடு இழப்பதும், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முந்துவதும், கேடு தெரிந்தும் தொடர்வதும் அதன் அடையாளங்கள். நம் வீடுகளுக்கு இதை அறிய மருத்துவர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாளில் ஐந்து முறை பாங்கு சொல்லப்படுகிறது. பிள்ளை எழுகிறானா இல்லையா என்பது அன்றன்றே தெரிந்துவிடும்.

இவ்வளவு தேவையா, கோவளத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போனால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அழைத்துப் போங்கள், ஓடவும் நீந்தவும் விடுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியோடு ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள். அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷாவுக்குக் காட்டியவர்கள். ஆனால் கடற்கரையிலிருந்து திரும்பிய பின்பும் பிள்ளையின் கையில் போன் இருக்கும். அந்தக் கேள்விக்கும் பதில் தேவை.

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தார்கள். என் கருத்தைச் சொன்னேன்: இரண்டில் இரண்டாவது. தனியாக விளையாடலாம், எந்த நொடியிலும் நிறுத்தலாம், எழுந்தால் யாரும் தோற்பதில்லை. பிரார்த்தனைப் பகுதியைத் தொடக்கூடாது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், கூடத்தில் அமர்ந்து, இஷாவுக்குப் பின் இல்லை. இவை நிபந்தனைகள். தொழுகை ஒரு முறை தவறினால் அந்த வாரம் விளையாட்டு இல்லை. இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னது நான் அல்ல, அந்த மாணவனே.

"மீன் பிடிக்கவா இதெல்லாம்? கோவளத்தில் வலையோடு இறக்கிவிட்டால் போயிற்று" என்று தந்தை சிரித்தார். மகனும் சிரித்தான்.

இது ஃபத்வா அல்ல; ஓர் ஆசிரியரின் கருத்து. பேணுதலான ஒருவர் இதையும் வேண்டாம் என்று ஒதுக்கினால் அது அவருக்குச் சிறப்பு. உங்கள் பகுதி ஆலிம்களிடமும் கேளுங்கள். ஆனால் பிள்ளை துண்டுச் சீட்டோடு வரும்போது அதை வாங்கிப் படியுங்கள். அந்த விளையாட்டை ஒரு நாள் அவன் அருகில் அமர்ந்து பாருங்கள். பாங்கு ஒலிக்கும் வரை பாருங்கள்.

அந்த மாணவன் இப்போதும் திக்கித்தான் ஓதுகிறான். சிரமத்தோடு ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்ற நபிமொழியை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் மக்ரிப்புக்கு முன்வரிசையில் நின்றான். தொழுகை முடிந்ததும், "பாதி மீனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன் ஹஜ்ரத்" என்றான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் ஓய்வு நேரத்தையும் நன்மையாக்கித் தருவானாக. அழைப்பைக் கேட்டதும் எழும் கூட்டத்தாரில் அவர்களையும் நம்மையும் சேர்ப்பானாக. ஆமீன்.