மைசூர் வீட்டுக்குக் கணப்பு எதற்கு?

நம் மைசூரில் புது வீடு கட்டும் சிலரிடம் ஓர் ஆசை தலைகாட்டுகிறது. ஹாலில் 'ஃபயர் பிளேஸ்' வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே பார்த்ததை இங்கும் வைக்க விரும்புகிறார்கள். உள் அலங்காரம் செய்பவர்களும் படத்தைக் காட்டி ஆசையை வளர்க்கிறார்கள். இதற்குத் தமிழில் கணப்பு என்ற நல்ல சொல் உண்டு. சொல் இருப்பதாலேயே தேவையும் இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜனவரி இரவில் 5, 6 டிகிரிக்குக் குளிரும் ஊர். மைசூர் மன்னர்களின் ஃபெர்ன்ஹில் மாளிகையில் கணப்புகள் இருப்பதில் வியப்பில்லை. அதே மன்னர்களின் தலைநகரமான மைசூரோ சுமார் 770 மீட்டர் உயரம்தான். இங்கே ஜனவரி இரவிலும் சாதாரணமாக 15, 16 டிகிரிக்குக் குறைவதில்லை. ஒரு கம்பளி போதும்.

அழகுக்காகத்தானே என்பார்கள். அழகுக்கென்று கட்டிய குழியில் ஒரு மார்கழி இரவு யாராவது கரியைப் போட்டுக் கொளுத்தத்தான் செய்வார்கள். அங்கேதான் ஆபத்து. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலைவாசத் தலங்களில் அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று இருப்பது வயதான தம்பதிகள் மட்டுமே. தலைவலி, மயக்கம் என்றால் ஓடிவர அடுத்த அறையில் ஆள் இல்லை.

புகைபோக்கி வைத்துவிட்டோமே என்பார்கள். நீராவி எஞ்சினில் வெளியேறும் நீராவியே புகையை இழுத்துச் செல்லும். வீட்டில் அந்த வசதி கிடையாது. சூடான காற்று தானே மேலே எழுவதுதான் ஒரே இழுவிசை. அதற்கு உயரமும் வேண்டும், அளவும் வேண்டும். கணப்பின் வாய்ப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புகைவழிக்கு வேண்டும் என்பது பழைய கணக்கு. வாய் 3 அடிக்கு இரண்டரை அடி என்றால் புகைவழி 12 அங்குலத்துக்கு 9 அங்குலம் இருக்க வேண்டும். நாலு அங்குல பி.வி.சி. குழாயைச் செருகினால் புகையும் போகாது, குழாயும் உருகும்.

அமெரிக்கக் கட்டட விதிகள் இன்னும் கண்டிப்பானவை. இந்த அளவு கணப்புக்கு முன்னால் 20 அங்குலமும் இருபுறமும் 12 அங்குலமும் எரியாத தளம் வேண்டும். வாயைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் மரம் வரக்கூடாது. இங்கேயோ வாயை ஒட்டியே பிளைவுட்டை அடித்து அதன்மேல் வார்னிஷும் பூசத் தயாராக இருக்கிறார்கள்.

கல்லிலும் கவனம் தேவை. பளபளக்கும் கிரானைட் பலகை ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடலாம். சூட்டைத் தாங்குவது மாக்கல். நம் பாட்டிமார் வற்றல் குழம்பு வைத்த கல்சட்டி அந்தக் கல்தான். 1258இல் எழுந்த சோமநாதபுரம் கோயிலைச் செதுக்கியதும் அந்த வகைக் கல்லில்தான். பின்லாந்துக்காரர்கள் இன்றும் கணப்புகளை அதில் கட்டுகிறார்கள். நெருப்பு எரியும் உட்புறத்துக்கோ சூளைச் செங்கல் போதாது, ஃபயர் பிரிக் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் திறந்த கணப்பில் பெரும்பகுதிச் சூடு புகையோடு வெளியேறிவிடும். அறையில் சூடேறிய காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். பணம் செலவழித்துக் குளிரை வரவழைப்பது போலத்தான்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா அமைப்பு, கிராமத்துப் பெண்களின் கண்ணும் நுரையீரலும் கெடாமலிருக்கப் புகைபோக்கியுடன் கூடிய 'அஸ்த்ரா ஒலெ' அடுப்பை உருவாக்கியது. ஏழை வீட்டு அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும் என்று பாடுபட்ட மாநிலத்தில், வசதியுள்ள வீட்டில் புகைபோக்கி இல்லாத அடுப்பைக் கட்டுவது என்ன நியாயம்?

ஆகவே என் கருத்து இதுதான். ஊட்டியிலோ குடகிலோ வீடு கட்டுகிறவர்கள், அனுபவமுள்ள பொறியாளரை வைத்து முறையாகக் கணப்பு கட்டட்டும். மைசூரில் வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் நெருப்பு வைக்க இடமே கொடுக்காத ஆழமற்ற மாடமாகக் கட்டுங்கள். தசராவுக்குக் கொலுப் பொம்மை வைக்கலாம், மற்ற நாளில் புத்தகம் அடுக்கலாம். முன்பே கட்டிவிட்டவர்கள் குழியைச் செங்கல் வைத்து மூடிவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். நாம் அழகுக்கு வைத்தது என்பது குடிவருகிறவர்களுக்குத் தெரியாது.