அலை தின்ற கடற்கரை: செலவு யாருடையது?

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளை ஆண்டுதோறும் அரித்துவிட்டுப் போகிறது. விடுதிக் கட்டடத்துக்குக் காப்புறுதி இருக்கலாம். சுற்றுப்பயணிகள் தேடி வரும் மணலுக்கு? அது மாநில அரசின் நிலம். அது கரைந்தால் இழப்பீடு கேட்க ஆளில்லை.

நாட்டின் 8,840 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் அரிப்பில் இருப்பதாக 2015-ஆம் ஆண்டின் தேசியக் கரையோர ஆய்வு கூறியது. வடிகால், நீர்ப்பாசனத் துறை அரிப்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது. சாலையோ கட்டடமோ உடனடி ஆபத்தில் இருந்தால் முதல் வகை. கட்டடம் இல்லாத கரை கடைசி வகை. பணம் குறைவாக இருக்கும்போது இந்த வரிசை நியாயமானதுதான். ஆனால் சுற்றுலாத் தலத்தில் அதன் விளைவு வேறு. மணல் போகும்வரை கரை காத்திருக்கிறது. அலை சுவரைத் தொட்டதும் அவசரமாகப் பாறைகள் அடுக்கப்படுகின்றன. சாலை பிழைக்கும், குளிக்கக் கரை இருக்காது. பாறைத் தடுப்பு அரிப்பைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. கோல திரெங்கானு விமான நிலைய ஓடுபாதை கடலுக்குள் நீட்டப்பட்ட பிறகு தோக் ஜெம்பால் பட்ட பாடு நினைவிருக்கலாம்.

சுற்றுலாவை நம்பியிருக்கும் வேறு கரைகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டேர் மாவட்டம், அறை வாடகைமீது 6 விழுக்காடு வரி விதிக்கிறது. அதில் 2 விழுக்காடு கரையில் மணல் நிரப்ப மட்டுமே. நாக்ஸ் ஹெட் நகரம் 2011-இல் 10 மைல் நீளத்துக்கு மணல் நிரப்பியது. கடலோர வீட்டுக்காரர்கள் கூடுதல் வரி கட்டினர். 2016-இல் மேத்யூ புயல் மணலை அள்ளிச் சென்றபோது மத்தியப் பேரிடர் நிதி கைகொடுத்தது. முறையாக அமைத்துப் பராமரித்த கரைக்குத்தான் அந்த நிதி. இயற்கைக் கரைக்குக் கிடையாது. அதே மாவட்டத்தின் ரொடாந்தே சிற்றூரில் வீடுகள் கடலில் விழுகின்றன. அங்கே மணல் நிரப்பும் செலவுக்கு இந்த வரி போதவில்லை.

நம்மிடமும் சுற்றுலா வரி உண்டு. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மத்திய அரசுக்குச் செல்லும் அந்தப் பணத்தில் பாதியை மாநிலங்களுக்குத் தருவதாக 2019 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. அதைக் கரைக்குச் செலவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பள்ளி விடுமுறைக்குச் செராத்திங் போகும் நம் குடும்பங்கள் அதைக் கட்டுவதுமில்லை.

பினாங்கு 2014-இல் தானாகவே விடுதிக் கட்டணம் கொண்டுவந்தது: மூன்று நட்சத்திரம் வரை 2 ரிங்கிட், அதற்கு மேல் 3 ரிங்கிட். உள்ளூர்க்காரரும் கட்டினர். கிழக்குக் கரை மாநிலங்களும் இதைச் செய்யலாம். தனிக் கணக்கில் போட்டு, கரைக்கு மட்டும் என்று எழுதிவைத்தால். பருவமழையில் கதவை மூடும் சிறு விடுதிகளுக்கு இது சுமையாகாதா என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். ஆனால் வசூல் ஜூலையில் அறைகள் நிரம்பியிருக்கும்போதே நடக்க வேண்டும். டிசம்பரில் அலை வரும்போது கட்டணம் கட்ட விருந்தினர் இருக்கமாட்டார்கள்.