மலையில் மாட்டிக்கொண்டால் செல்போன் கைகொடுக்குமா?
குரங்கணியும் மலம்புழாவும் காட்டிய உண்மை

மாங்காட்டில் ஒரு வீடு. மகன் நண்பர்களோடு சதுரகிரிக்குப் புறப்படுகிறான். தாய்க்கு மனம் கேட்கவில்லை.

"காடுடா கண்ணு. ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவே?"

"கையிலே போன் இருக்கும்மா. நீ கவலைப்படாதே."

மகன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இப்படி எத்தனையோ வீடுகள்! சதுரகிரி, வெள்ளியங்கிரி, சபரிமலை என்று நம் பக்கத்து மக்கள் ஆண்டுதோறும் மலை ஏறுகிறார்கள். இப்போது இளைஞர்களும் பெண்களும் பொழுதுபோக்காகவும் மலை ஏறுகிறார்கள். எல்லோரும் நம்புவது செல்போனைத்தான்.

அந்த நம்பிக்கை சரிதானா?

தீயின் நடுவே ஒரு போன்

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களில் இருந்து போன முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டு இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் பெண்கள்.

திடீர் என்று காட்டுத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல். பலத்த காற்று. ஓட இடம் இல்லை.

அந்தக் குழுவில் இருந்த ஒரு மாணவி தன் தந்தைக்குப் போன் செய்தார். தந்தை அதிகாரிகளுக்குச் சொன்னார். அதன் பிறகே மீட்பு வேலை தொடங்கியது என்று அப்போது செய்தி வந்தது. ஊர் மக்கள் ஓடினார்கள். தீயணைப்புப் படை, வனத்துறை, போலீஸ் எல்லாம் ஓடின. விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன.

ஆனாலும் 23 உயிர்கள் போய்விட்டன. சிலர் மலையிலேயே இறந்தார்கள். பலர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் போராடி இறந்தார்கள்.

போன் வேலை செய்தது. செய்தியும் போய்ச் சேர்ந்தது. ஆனால் காட்டுக்குள் ஆள் போய்ச் சேர நேரம் ஆகிறதே! வண்டி போகாது. நடந்துதான் ஏற வேண்டும். நகரத்தில் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. மலைக்கு அது வராது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாறை இடுக்கில் 45 மணி நேரம்

இன்னொரு கதை. 2022 பிப்ரவரி 7. கோவைக்கு அடுத்த பாலக்காட்டில், மலம்புழா அணைக்குப் பக்கத்து மலை. நண்பர்களோடு ஏறிய 23 வயது இளைஞர் ஒருவர் கால் தவறி விழுந்தார். செங்குத்தான பாறையின் நடுவில் ஒரு சின்ன இடுக்கு. அதில் சிக்கிக்கொண்டார். மேலே ஏற முடியாது. கீழே இறங்க முடியாது.

நண்பர்கள் முயன்றார்கள். முடியவில்லை. ஆனால் அவரிடம் போன் இருந்தது. தாம் இருக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பினார். எந்தப் பாறை, எந்தப் பக்கம் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு பேட்டரி தீர்ந்தது. சோறு இல்லை. தண்ணீர் இல்லை. இரண்டு இரவுகள் அங்கேயே உட்கார்ந்து இருந்தார். ஹெலிகாப்டர் வந்தும் பயன் இல்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி, 9-ந் தேதி காலை அவரைத் தூக்கினார்கள். ஏறத்தாழ 45 மணி நேரம்!

அந்த ஒரு படம் எவ்வளவு வேலை செய்தது, பாருங்கள்! "மலையில் மாட்டிக்கொண்டேன்" என்று சொன்னால் போதாது. எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். தேடுகிறவர்களுக்கு அதுதான் பெரிய பாடு.

மலைக்குப் பின்னால் டவர் தெரியாது

செல்போன் ஒரு சின்ன ரேடியோ. அது டவரோடு பேசுகிறது. டார்ச் வெளிச்சம் போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மலை நின்றால் வெளிச்சம் போகாது. அதனால்தான் பள்ளத்தில் போன் ஊமையாகிறது. சற்று மேலே, திறந்த இடத்துக்குப் போனால் பேசுகிறது.

டவர் கிடைக்காவிட்டால் போன் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடத் தேடப் பேட்டரி கரையும். வழியெல்லாம் படம் எடுத்து, பாட்டும் கேட்டால், ஆபத்து வரும்போது போன் செத்துக் கிடக்கும்.

சில சமயம் "அவசர அழைப்பு மட்டும்" என்று போனில் எழுத்து வரும். உங்கள் கம்பெனி டவர் இல்லை, வேறு கம்பெனி டவர் இருக்கிறது என்று பொருள். அப்போது 112-ஐ அழுத்திப் பாருங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த ஒரே எண். தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு வந்தது. நமக்கு 108 நன்றாகத் தெரியும். 112 இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது.

பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால், குறுஞ்செய்தி அனுப்பலாம். பேச முடியாத இடத்திலும் சில சமயம் அது போய்விடும்.

வானத்தில் இருந்து வரும் விலாசம்

டவர் இல்லாவிட்டாலும் போனுக்கு ஒன்று தெரியும். தான் இருக்கும் இடம்! 20,000 கிலோ மீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் அதைச் சொல்லுகின்றன. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் போதும். கணக்குப் போட்டு, இரண்டு எண்களைப் போன் காட்டும். மாங்காட்டுக்கு அது ஏறத்தாழ வடக்கு 13.04, கிழக்கு 80.11.

புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் சொன்னால், சுமார் ஒரு கிலோ மீட்டருக்குள் தேட வேண்டும். நான்கு இலக்கம் சொன்னால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் வந்துவிடலாம். காட்டில் இந்த வித்தியாசம் சின்னது அல்ல. ஆனால், அந்த எண்ணை வெளியே அனுப்ப மறுபடியும் டவர் வேண்டும்! இடம் தெரியும், சொல்ல வழி இருக்காது. வானத்தோடு நேரே பேசும் சாட்டிலைட் போன் உண்டு. அரசாங்க அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்து இருந்தால் குற்றம்.

ஊருக்குள்ளேயே ஊமையான போன்

மலை வேண்டாம், நம் ஊரையே பாருங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்தபோது என்ன நடந்தது? வெள்ளம் சூழ்ந்தது. மின்சாரம் நின்றது. டவர்களும் அடங்கின. சென்னையில் பல இடங்களில் பெற்ற பிள்ளையோடு கூடப் பேச முடியாமல் தவித்தார்கள். கையில் போன் இருந்தது!

குரங்கணிக்குப் பிறகு அரசாங்கம் விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 40 மலைப் பாதைகளை வனத்துறை அறிவித்தது. பெயர் பதிந்து, வழிகாட்டியோடு போகலாம். இது நல்ல ஏற்பாடு. உள்ளே யார் போனார்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரிகிறது அல்லவா? போன் ஊமையானாலும் தேட ஆள் வரும்.

அந்த மாங்காட்டுத் தாயும் அதைத்தான் செய்தாள். தெருமுனை வரை ஓடி மகனை நிறுத்தினாள்.

"எந்த வழியா ஏறுவீங்க? யார் யார் கூட வர்றாங்க? எத்தனை மணிக்குக் கீழே வருவே?"

மகன் சிரித்தான். ஆனாலும் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து நாள்காட்டித் தாளைக் கிழித்தாள். அதன் பின்னால் பெயர்களையும் போன் எண்களையும் எழுதினாள். கடைசியில், "ஞாயிறு மாலை 4 மணி" என்று எழுதி, கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள்.