"சி" மார்க் வாங்கிய கட்டுரை!

1982-ம் ஆண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம். அங்கே பட்டப் படிப்புப் படித்த மாணவர் கிரெகரி வாட்சன். அரசாங்க முறை பற்றிய பாடத்துக்கு அவர் ஒரு கட்டுரை எழுதவேண்டும். அதற்காக நூல்நிலையத்தில் புத்தகங்களைப் புரட்டினார்.

பழைய திருத்தம் ஒன்று கண்ணில் பட்டது. பாராளுமன்ற அங்கத்தினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால், அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமுலுக்கு வரவேண்டும் என்பது அந்தத் திருத்தம். 1789-ல் மாகாணங்களின் சம்மதத்துக்கு அனுப்பப்பட்டது. போதிய மாகாணங்கள் சம்மதிக்கவில்லை. அப்படியே கிடந்தது.

"இதற்குக் கெடு எதுவும் இல்லை. ஆகவே இன்னும் உயிர் இருக்கிறது" என்பது வாட்சனின் வாதம்.

கிடைத்த மார்க் "சி". அதாவது, சுமார் ரகம்! ஆசிரியையிடம் முறையிட்டார். மார்க் மாறவில்லை.

பத்து ஆண்டு உழைப்பு

வாட்சன் சோர்ந்துவிடவில்லை. மாகாணச் சட்டசபை அங்கத்தினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1983-ல் மெய்ன் மாகாணம் சம்மதித்தது. 1984-ல் கொலராடோ சம்மதித்தது. பிறகு மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

50 மாகாணங்களில் 38 சம்மதிக்கவேண்டும். 1992 மே மாதம் அந்த எண்ணிக்கை நிறைந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 27-வது திருத்தம் அதுதான்!

2017-ல் வாட்சனின் மார்க் "ஏ" என்று மாற்றப்பட்டது. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் அதே ஆசிரியைதான்.

ஆசிரியர் வேலை எது?

ஆசிரியையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாணவர்கள் எழுதுவதெல்லாம் சரியாக இருந்துவிடாது. ஆனால், "இதற்கு என்ன ஆதாரம்? வா, பார்க்கலாம்" என்று சொல்லலாம் அல்லவா?

ஆதாரம் இருக்கத்தான் செய்தது. ஒரு திருத்தம் காலாவதி ஆகிவிட்டதா என்பதைப் பாராளுமன்றமே முடிவு செய்யவேண்டும் என்று 1939-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது.

ஆராய்ச்சி என்றால் தலை நரைத்தவர்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அரசியல் ஆராய்ச்சிக்குப் பெரிய சோதனைக்கூடம் வேண்டாம். சட்டப் புத்தகம், சட்டசபைக் குறிப்பு, தேர்தல் கணக்கு இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

மாணவனிடம் துணிவு இருக்கிறது. பேராசிரியரிடம் அனுபவம் இருக்கிறது. இரண்டும் சேரவேண்டும். எந்தக் கேள்வியை எடுப்பது, மூல ஆவணத்தை எங்கே தேடுவது, எதிர்த்தரப்பு வாதம் என்ன என்று சொல்லித் தருவதே வழிகாட்டல். மார்க் போடுவது அதற்குப் பிறகுதான்.

வாட்சன் பிடிவாதக்காரர். ஆகவே ஜெயித்தார். பிடிவாதம் இல்லாத எத்தனை மாணவர்கள் "சி" மார்க்கோடு கட்டுரையைப் பரணில் போட்டிருப்பார்கள்!

பிள்ளை கல்லூரியிலிருந்து வந்ததும், "எத்தனை மார்க்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்கட்டும். அதோடு, "என்ன கண்டுபிடித்தாய்? உன் ஆசிரியர் என்ன கேள்வி கேட்டார்?" என்றும் கேட்கட்டும்.